மதிலைத் தள்ளிய பிள்ளைகள்

கோட்டைக்கு வரலாறு உண்டு. கோயிலுக்கு உண்டு. ராஜா குளித்த குளத்துக்கும் உண்டு. பிள்ளைகள் ஓடி ஓடிப் புல் முளைக்காமல் போன மண்ணுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் குறைவு. அந்த மண்ணை ஒருத்தன் வளைச்சுப் போட்டால் 'நிலத் தகராறு' என்று ஒரு மூலையில் செய்தி வரும். பிள்ளைகள் அதைத் திருப்பிக் கேட்டால் 'யாரோ தூண்டிவிட்டிருக்கான்' என்று அதற்குக் கீழே இன்னொரு வரி வரும். அதோடு சரி.

அப்படி முடிந்துவிடக் கூடாத ஒரு நாளைப் பற்றி இங்கே பேச வேண்டும். 2015 ஜனவரி 19, திங்கட்கிழமை. இடம் கென்யாவின் தலைநகரான நைரோபி. லங்காட்டா சாலைத் தொடக்கப்பள்ளி என்கிற அரசுப் பள்ளிக்கூடம். பக்கத்திலேயே வில்சன் விமான நிலையம். மண்ணுக்கு விலை எகிறிப்போன பகுதி. கென்யாவில் அப்போது தொடக்கப்பள்ளி என்றால் எட்டு வகுப்புகள். ஆறு வயசுப் பிள்ளையும் இருக்கும், பதினாலு வயசுப் பிள்ளையும் இருக்கும்.

விடுமுறை முடிந்து, ஆசிரியர் வேலைநிறுத்தமும் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்புகிறார்கள். வந்து பார்த்தால் விளையாடுகிற கிரவுண்டை மறித்து மதில் நிற்கிறது. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், கிரவுண்டு அந்தப் பக்கம். யாரைக் கேட்டுக் கட்டினார்கள்? யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். திருடுகிறவன் எல்லா ஊரிலும் இந்த நேரத்தைத்தான் பார்க்கிறான்.

பிள்ளைகள் சீருடையோடு வெளியே வந்தார்கள். கையில் அட்டைகள். சில சமூகச் செயல்பாட்டாளர்களும் கூட நின்றார்கள். 'ஹகி யெத்து' என்று சுவாஹிலியில் முழங்கினார்கள். எங்கள் உரிமை என்று அர்த்தம். எல்லாரும் சேர்ந்து மதிலில் கை வைத்துத் தள்ளினார்கள். மதில் விழுந்தது. போலீஸ் நாய்களோடு வந்து நின்றது, கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமிக்கொண்டு விழுந்து எழுந்து ஓடின. சில பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. சீருடை போட்ட குழந்தை புகையில் தடுமாறுகிற படம் அன்றைக்கே உலகம் முழுக்கப் போய்விட்டது.

படத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டியவர்கள் நிறையப் பேர். பாவம் பார்ப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் கை வைத்தது ஒரு மதிலில் மட்டுமல்ல. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் நிலம் எப்படிப் பறிபோனது என்கிற கதை அந்த மதிலுக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

காகிதம் வந்த கதை

நைரோபி என்று ஒரு நகரம் 1899க்கு முன்னால் இல்லை. மாசாய் மக்கள் மாடு ஓட்டி வந்து தண்ணீர் காட்டிய இடம். குளிர்ந்த தண்ணீர் என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். மொம்பாசா துறைமுகத்திலிருந்து வெள்ளைக்காரன் ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தான். 1896ல் தொடங்கிய வேலை 1899ல் இந்த இடத்தைத் தொட்டது. பாதை போட முப்பதாயிரத்துக்கும் அதிகமான கூலிகளை இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கப்பலேற்றினார்கள். ரயில் வந்த பிறகு கூடாரம், கூடாரத்துக்குப் பிறகு ஊர், 1905ல் தலைநகரம்.

ரயிலுக்குப் பின்னாலேயே காகிதம் வந்தது. 1902ல் ஒரு நிலச்சட்டம், 1915ல் இன்னொன்று. 1915 சட்டம் என்ன சொன்னது? ஆப்பிரிக்க மக்கள் குடியிருந்து உழுது மாடு மேய்த்துக்கொண்டிருந்த நிலமும் ராஜா நிலம்தான் என்றது. பிரிட்டிஷ் ராஜாவுக்குச் சொந்தமாம்! அதே சட்டம் வெள்ளைக் குடியேறிகளுக்கு 999 வருஷக் குத்தகை தந்தது. 1921ல் நீதிமன்றத்திலும் தீர்ப்பாகிவிட்டது. அதன்படி சொந்த மண்ணிலேயே ஆப்பிரிக்கர்கள் ராஜாவின் குடிக்கூலிகள். எப்போது வேண்டுமானாலும் வெளியே போகச் சொல்லலாம்.

நகரத்துக்குள்ளேயும் இதே கதை. மேட்டுப்பாங்கான மேற்குப் பக்கம் வெள்ளையனுக்கு. கிழக்குப் பக்கம் ஆப்பிரிக்கத் தொழிலாளிக்கு. விளையாட்டும் இப்படித்தான் பிரிந்தது. 1906லேயே வெள்ளைக்காரர்கள் நைரோபியில் கோல்ஃப் சங்கம் வைத்துவிட்டார்கள். அந்தக் கோல்ஃப் மைதானம் இன்றைக்கும் இருக்கிறது. அதன் ஓரத்தை ஒட்டிக்கொண்டுதான் கிபேரா என்கிற பெரிய குடிசைப்பகுதி இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் பாய்ச்சிய புல்வெளி, ஒற்றைப் பந்து, நாலு பேர். மறுபக்கம் தகரக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அந்தச் சந்துதான் பிள்ளைகளின் கிரவுண்டு.

ஆப்பிரிக்கப் பையன் பெரியவனாவது என்றால் அப்போது என்ன தெரியுமா? 1919க்குப் பிறகு, பதினாறு வயசு ஆனால் அவன் கழுத்தில் ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டார்கள். அதற்குள் ஒரு காகிதம். பேர், கைரேகை, யாரிடம் வேலை, என்ன கூலி எல்லாம் அதில் இருக்கும். 'கிப்பாண்டே' என்று அதற்குப் பெயர். அது இல்லாமல் வெளியே நடமாடினால் ஜெயில். வெள்ளையனுக்குக் காகிதம் வந்தால் நிலம் வரும். கறுப்பனுக்குக் காகிதம் வந்தால் கழுத்துக்குச் சுருக்கு வரும். பதினாறு வயசு வரைக்கும்தான் கழுத்து காலியாக இருந்தது. விளையாட்டு என்று ஒன்று இருந்ததும் அது வரைக்கும்தான்.

நம்மவன் ஆட்சி

1963 டிசம்பர் 12ல் விடுதலை. அதற்கு முன்னால் மண்ணைத் திருப்பிக் கேட்டு மவ் மவ் என்று மக்கள் காட்டுக்குள் போனதும், ஆயிரக்கணக்கில் செத்ததும், முகாம்களில் அடைபட்டதும் தனி வரலாறு. அத்தனை ரத்தம் சிந்தி வந்த விடுதலையில் நிலம் யார் கைக்குப் போனது? குத்தகைக் காகிதத்தில் பெயர் மாறியது. வெள்ளை அதிகாரி உட்கார்ந்த நாற்காலியில் கறுப்பு அதிகாரி உட்கார்ந்தார். பேனா அதே பேனா.

1978லிருந்து 2002 வரை டேனியல் அராப் மோய் ஆட்சி. அந்தக் காலத்தில், அதிலும் தேர்தல் நெருங்கிய சமயங்களில், பொது நிலம் பொரி கடலை மாதிரி அள்ளிக் கொடுக்கப்பட்டது. காடு, சாலையோரம், பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல் எதுவும் மிச்சமில்லை. ஓட்டு வாங்கித் தருகிறவனுக்குப் பரிசு, கட்சி மாறாமல் இருப்பவனுக்குக் கூலி. மோய்க்குப் பிறகு வந்த கிபாக்கி அரசு 2003ல் பால் ந்துங்கு தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் போட்டது. 2004ல் அறிக்கை வந்தது. 1962க்கும் 2002க்கும் இடையில் சட்டவிரோதமாகவோ முறைகேடாகவோ எழுதப்பட்ட பொது நிலப் பட்டாக்கள் சுமார் 2,00,000 என்று அது கணக்குச் சொன்னது. அதில் 98 சதவீதம் போல 1986க்குப் பிறகு எழுதப்பட்டவை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது குடிசைக்காரன் ராத்திரியில் கம்பு நட்டு ஆக்கிரமித்த கணக்கு இல்லை. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த கணக்கு. குடிசைக்காரன் செய்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு, புல்டோசர் வரும். அலுவலகத்தில் செய்தால் அதற்குப் பெயர் ஒதுக்கீடு, காம்பவுண்டு சுவர் வரும்.

பள்ளிக்கூடத்துக் கிரவுண்டு ஏன் இவ்வளவு சுலபமாக மாட்டியது? பெரும்பாலான அரசுப் பள்ளிகளிடம் தன் நிலத்துக்குப் பட்டா கிடையாது. அரசாங்கத்துப் பள்ளிக்கூடம், அரசாங்கத்து நிலம், தனியாக எதற்குக் காகிதம் என்று விட்டுவிட்டார்கள். கட்டடம் இருக்கிற இடத்தில் கை வைக்க முடியாது, கண்ணுக்குத் தெரியும். வெறும் மண்ணாகக் கிடக்கிற கிரவுண்டைக் 'காலி இடம்' என்று எழுதிவிடலாம். முன்னூறு பிள்ளை ஓடுகிற இடம் காகிதத்தில் காலி இடம்!

2003ல் தொடக்கக் கல்வி இலவசம் என்று அறிவித்ததும் பத்து லட்சத்துக்கும் மேலான பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறை பிதுங்கியது. வகுப்பறை நெருக்கம் ஆக ஆக, மூச்சு விடக் கிரவுண்டு ஒன்றுதான் இருந்தது. அதே நேரம்தான் நகரத்தில் நிலத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைக்கும் அது வேண்டும், பணக்காரனுக்கும் அது வேண்டும். யாரிடம் பட்டா இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முன்னால் போனவர்கள்

லங்காட்டா பிள்ளைகளுக்கு முன்னால் இந்த நகரத்தில் பொது மண்ணுக்காக நின்றவர்கள் உண்டு. 1989ல் நகரத்தின் நடுவிலிருக்கிற உஹூரு பூங்காவில் ஆளுங்கட்சி 60 மாடிக் கட்டடம் எழுப்பப் பார்த்தது. பக்கத்திலேயே அதிபரின் சிலையும். ஏழை சனங்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்காருகிற இடம் அது. வங்காரி மாத்தாய் என்கிற பெண்மணி கடிதம் மேல் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரைக் கேலி பேசினார்கள். விவாகரத்து ஆனவள் என்றார்கள், ஆப்பிரிக்கப் பெண் ஆணை எதிர்த்துப் பேசலாமா என்றார்கள். பெண் வாயைத் திறந்தால் எல்லா ஊர் ஆம்பளைக்கும் வருகிற அதே பேச்சு. கடைசியில் வெளிநாட்டுக் கடன் நின்றது, கட்டடமும் நின்றது. 1999 ஜனவரியில் கருரா காட்டைக் காக்கப் போனபோது அடியாட்கள் அவர் தலையில் அடித்தார்கள். 2004ல் நோபல் அமைதிப் பரிசு வந்தபோது, கேலி பேசியவர்களும் வரிசையில் நின்று கை குலுக்கியிருப்பார்கள்.

இன்னொரு கதை மத்தாரே. நைரோபியின் கிழக்குப் பக்கத்துக் குடிசைப்பகுதி. பாலிதீன் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்தாக்கி விளையாடுகிற பிள்ளைகள். 1987ல் அங்கே மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் பாப் மன்ரோ என்கிற கனடா நாட்டுக்காரர். ஓட வைத்தவர்கள் மத்தாரே பிள்ளைகள். கோல் போட்டால் மட்டும் புள்ளி இல்லை, குப்பை அள்ளினாலும் அணிக்குப் புள்ளி என்று விதி வைத்தார்கள். மாநகராட்சி வண்டி எட்டிப் பார்க்காத தெருவைப் பிள்ளைகள் மண்வெட்டி எடுத்துச் சுத்தம் செய்தார்கள். பிறகு பெண் பிள்ளைகளும் ஆட வந்தார்கள். 1994ல் மத்தாரே யுனைடெட் என்று ஓர் அணி உருவாகி, 2008ல் கென்யாவின் முதல்தரக் கால்பந்துப் பட்டத்தையே வென்றது.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குப்பை அள்ளினால்தான் விளையாடலாம் என்று கோல்ஃப் மைதானத்துக்காரனிடம் யாராவது சொன்னார்களா? ஏழைப் பிள்ளை விளையாடுவதற்குக்கூட உழைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒழுங்கானவன், சுத்தமானவன் என்று சான்றிதழ் வாங்கிய பிறகுதான் பந்தைத் தொடலாம். குப்பையும் மலமும் அள்ள வைக்கப்பட்ட சாதிகளில் பிறந்த நமக்கு இது புரியாத விஷயமா என்ன? மத்தாரே பிள்ளைகள் தங்கள் தெருவைத் தங்களுக்காகச் சுத்தம் செய்தார்கள், அது வேறு. அந்தக் கடமையை அவர்கள் தலையில் விட்டுவிட்டுக் கைதட்டிய நகரத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

'தூண்டிவிட்டான்' என்கிற பேச்சு

மதில் விழுந்த மறுநாளே பேச்சு திரும்பியது. பிள்ளைகளைக் கேடயமாக முன்னால் நிறுத்தினார்கள், பெரியவர்கள் ஒளிந்துகொண்டு போராடினார்கள், செயல்பாட்டாளர்களைத்தான் தண்டிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. இதை ஒதுக்கித் தள்ளாமல் பார்ப்போம். நாய்க்கும் புகைக்கும் முன்னால் ஆறு வயசுப் பிள்ளையை நிறுத்தலாமா? பெத்தவர்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

ஆனால் கேள்வியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. குண்டு வீசியவன் யார்? சீருடையில் நிற்பது பிள்ளை என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வீசியவன் யார்? பிள்ளைகள் ஒருத்தன் வீட்டுக்குள் புகவில்லை, பள்ளிக்கூடத்துக் கிரவுண்டில் நின்றார்கள். கென்யாவின் 2010 அரசியல் சட்டம், 37வது பிரிவில், ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடிப் போராடும் உரிமையை ஒவ்வொரு நபருக்கும் தருகிறது. வயசு வரம்பு போடவில்லை. அதே சட்டத்தின் 40வது பிரிவு, சட்டவிரோதமாகச் சம்பாதித்தது என்று தெரியவந்த சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, 31வது பிரிவில், விளையாடுவதையே உரிமை என்று எழுதியிருக்கிறது. கென்யா அதை 1990லேயே ஏற்றுக்கொண்ட நாடு.

இன்னொன்றும் உண்டு. 'தூண்டிவிட்டான்' என்கிற சொல்லுக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. அடங்கிக் கிடப்பவனுக்குச் சொந்த மூளை இல்லை, எவனோ வந்து சொன்னால்தான் அவனுக்குத் தன் வலி தெரியும் என்கிற நினைப்பு. கூலி உயர்வு கேட்டவனிடம் இதைத்தான் சொன்னார்கள். பொதுக்கிணற்றில் குடம் வைத்தவனிடமும் இதைத்தான் சொன்னார்கள். கிரவுண்டு போய்விட்டது என்று பிள்ளைக்குத் தெரிய ஒருத்தன் வந்து வகுப்பெடுக்க வேண்டுமா? இடைவேளை மணி அடித்தால் தெரிந்துவிடுமே!

என்ன கிடைத்தது

கண்ணீர்ப்புகைப் படம் வெளியானதும் அரசாங்கம் ஆடிப்போனது. உள்துறை அமைச்சர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பகுதிப் போலீஸ் அதிகாரி பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். அதிபர் உஹூரு கென்யாட்டா கண்டித்தார். திடல் பள்ளிக்கூடத்துக்கே என்று அறிவித்தார்கள், பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தது. மதிலுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில் பல பெயர்கள் அடிபட்டன. அடிபட்டவர்கள் மறுத்தார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களின் நிலத்துக்கும் பட்டா வாங்கித் தர வேண்டும் என்று 'ஷூலே யாங்கு', அதாவது 'என் பள்ளிக்கூடம்', என்ற பெயரில் ஓர் இயக்கம் பிறகு கிளம்பியது.

பட்டா வந்துவிட்டால் போதுமா? இதில் நம்மிடம் சொல்ல ஒரு பாடம் இருக்கிறது. அதே பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியம்தான் இங்கே 1892ல், செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, பறையர் முதலான மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. வேறு சாதிக்காரனுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் எழுதியது. காகிதம் இருந்தது, நிபந்தனையும் இருந்தது, நிலம் எங்கே? அதைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கி இரண்டு உயிரைத் தின்றது. லங்காட்டாவில் காகிதம் இல்லாததால் நிலம் போனது, இங்கே காகிதம் இருந்தும் போனது. பட்டா அவசியம். பட்டாவைக் காவல் காக்க ஆட்களும் அவசியம்.

லங்காட்டாவில் அந்த ஆட்கள் பிள்ளைகள். அதிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கென்யாவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், எட்டாம் வகுப்புக்கு அப்போது வருஷக் கடைசியில் பொதுத்தேர்வு இருந்தது. தேர்வு முடிந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவர்களுக்கும் கணக்கு முடிந்தது. ஜனவரி 19ல் மதிலைத் தள்ளிய எட்டாம் வகுப்புப் பையனுக்கும் பொண்ணுக்கும் அந்தக் கிரவுண்டு இன்னும் சில மாசத்துக்குத்தான். யாருக்காகத் தள்ளினார்கள்? அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிற, பெயர் தெரியாத பிள்ளைக்காக. நிலத்தைச் சொத்தாகப் பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்குப் பிடிபடாது. தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாத, விற்க முடியாத, வயசு ஏறினால் விட்டுவிட்டுப் போக வேண்டிய ஒரு மண்ணுக்காக எதற்கு அடி வாங்க வேண்டும்? பொது நிலம் என்றால் அதுதானே அர்த்தம்! பெரிய பெரிய ஆணையங்கள் பக்கம் பக்கமாக எழுதிய அர்த்தம்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 2015ல் எட்டு வயசு என்றால் 2024ல் பதினேழு. பதினாலு வயசு என்றால் இருபத்து மூன்று. 2024 ஜூனில் நைரோபித் தெருக்களை நிறைத்தது அந்த வயசுக்காரர்கள்தான். கட்சி இல்லை, தலைவர் இல்லை. ரொட்டி முதல் எல்லாவற்றுக்கும் வரி போட வந்த நிதி மசோதாவை எதிர்த்து இறங்கினார்கள். ஜூன் 25ல் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே போனார்கள். இந்த முறை வந்தது கண்ணீர்ப்புகை மட்டுமில்லை, துப்பாக்கிக் குண்டும் வந்தது. ஜூலை முதல் தேதிக்குள் 39 பேர் செத்ததாக அந்நாட்டு மனித உரிமை ஆணையம் கணக்குச் சொன்னது. அதிபர் வில்லியம் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார்.

லங்காட்டாவில் நின்ற அதே பிள்ளைகள்தான் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இவ்வளவுதான். ஒரு தலைமுறை தன் சின்ன வயசில், மதில் தள்ளினால் விழும் என்று கண்ணால் பார்த்தது. தன் வயசுப் பிள்ளைகள் தள்ளியதைப் பார்த்தது. மந்திரி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டதையும் பார்த்தது. தாத்தாவுக்குப் பதினாறு வயசில் கழுத்தில் டப்பா கட்டிய நாட்டில், பேரனும் பேத்தியும் அந்த வயசு வருவதற்குள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எந்த ஊர்ச் சேரியிலும் சாயங்காலம் பிள்ளைகள் ஆடுகிற ஒரு மண் இருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது என்று தோழர்கள் ஒருமுறை தாலுகா ஆபீசில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். விடுமுறைக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது.